பத்தொன்பது வருடம் நின்ற கார்

புனே
12 ஜூன் 2025

இம்மானுவேல் அண்ணனுக்கு,

இந்து எழுதுகிறேன். வில்லாபுரம் சாயப்பட்டறை வெங்கடரமணன் மகள். உங்களிடம் இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருப்பதே ஒரு மாதிரியாக இருக்கிறது. பழங்காநத்தத்தில் உங்கள் பெயரில் ஒர்க்‌ஷாப் இருப்பதாகத் தம்பி விஜய்ஆனந்த் சொன்னான். போர்டில் இருக்கும் விலாசத்தை மட்டும் அனுப்பு என்றேன். போன் நம்பரும் இருந்ததாம். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அப்பா மார்ச்சில் தவறிவிட்டார். பட்டறை மூடி ஆறு வருடம் ஆகிறது. இடத்தை விற்கப் பேச்சு நடக்கிறது. பின்பக்க ஷெட்டைத் திறந்தபோது, கோராத்துணி போர்த்தியபடி நம் கார் நின்றிருக்கிறது.

'நம் கார்' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய சான் ஸ்டார்ம்தான், ஆனால் மூன்றே மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டார். இரண்டு சீட், கூரை இல்லை, தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி. தெருவில் எல்லோரும் பொம்மைக் கார் என்றார்கள். அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டியதெல்லாம், அப்போது பட்டறை மிஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான். புது சைலன்சர் மாட்டிய அன்று திருமங்கலம் ரோட்டில் ஒரு லாரிக்காரர் பின்னால் ஏதோ பெரிய வண்டி வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டாரே, நாம் கடந்து போகும்போது எட்டிப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

விஜய் காயலான்கடையில் போட்டுவிடலாம் என்கிறான். நீங்கள் ஒரு தடவை பார்த்து ஓடுமா என்று சொல்லுங்கள். ஓடும் என்றால் ஓட வைக்க வேண்டும். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

எழுத நினைத்தது இன்னொன்றும் இருந்தது. இந்தக் கடிதத்தில் வரவில்லை.

இந்து


பழங்காநத்தம்
24.6.2025

இந்துப்ரியா அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பா தவறியது தெரியும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் பார்த்தேன். வரவில்லை.

நான் இப்போது ஸ்கூல் வேன், லோடு ஆட்டோ மட்டும் பார்க்கிறேன். அந்தப் பட்டறை கேட்டைத் தாண்டி உள்ளே வருவதாக இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருப்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

2006 பிப்ரவரி. திருவாதவூர் ரோடு. வண்டி ஓட்டியது நீங்கள். கையில் எல்.எல்.ஆர். மட்டும்தான். சாயங்காலம் வாய்க்கால் மேட்டிலிருந்து புல்லுக்கட்டோடு சைக்கிளில் இறங்கிய ஆளை அடித்தீர்கள். அவன் பெயர் கருப்பு. முழங்கால் போய்விட்டது. வயலிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் உங்களை வரப்பு வழியாக மெயின்ரோட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஓட்டியது நான் என்று சொன்னேன். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது என் இஷ்டம்.

மூன்றாம் நாள் உங்கள் அப்பா பட்டறை வாசலில் இருபது பேர் நடுவில், "கேக்காம வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான், திருட்டுப்பய" என்றார். அது அவர் இஷ்டம்.

நீங்கள் மாடி ஜன்னலில் நின்றீர்கள். உங்கள் இஷ்டம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போர்டில் நம்பர் இருக்கிறது. கூப்பிட வேண்டாம். பேசினால் வேண்டாத வார்த்தை வந்துவிடும். எழுதினால் ஒரு நாள் ஆறிப்போகும்.

இம்மானுவேல்


புனே
3 ஜூலை 2025

அண்ணே,

'அம்மா அவர்களுக்கு' என்ற வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும்.

ஜன்னலில் நின்றது நான்தான். முந்தின நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் நாங்கள் பேசும் எங்கள் பாஷையில், கத்தாமல், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: இனி நீ வாயைத் திறந்தால் என்னை உயிரோடு பார்க்க மாட்டாய். எனக்கு இருபது வயது. நம்பினேன். ஜூனில் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அவர் கீழே இறங்கிப் போய் உங்களைத் திருடன் என்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன பிறகு தெரிந்துவிட்டதே. ஜன்னலிலிருந்து வாசலுக்குப் பதினாறு படி. நான் இறங்கவில்லை.

என் மகள் ஸ்ரீவர்ஷினிக்குப் பதினெட்டு. போன மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சாப்பிடும்போது, "அம்மா, நீ யாரையாச்சும் இடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். யோசிக்காமல் "இல்லையே" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று விஜயிடம் போனில் சொல்லிவிட்டேன். அன்று சாவியை எடுத்தது நான், ஓட்டியது நான், இம்மானுவேல் அண்ணன் எதையும் திருடவில்லை என்று. "அப்ப அவர்கிட்ட நான் என்ன மொகத்த வச்சிக்கிட்டுப் போறது?" என்றான். உங்களைப் பார்க்க அவனே வருவான். விரட்டிவிடாதீர்கள்.

இந்து


பழங்காநத்தம்
2.8.2025

இந்துப்ரியாவுக்கு,

உன் தம்பி வந்தான். விரட்டலாம் என்றுதான் இருந்தேன். சரண்யா டீ கொடுத்துவிட்டாள். என் மனைவிக்கு வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துப் பேசத் தெரியாது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க வரலேன்னா நான் வண்டிய விக்கப் போறதில்ல, அது அங்கயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு நான் எட்டு நாள் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் போனேன்.

சொல்கிறேன் கேள். முன்பக்கம் இடது மூலையில் ஃபைபர் அன்று உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. டயர் நான்கும் வெடித்துப் போயிருக்கின்றன. வயரிங்கை எலி பாதி தின்றுவிட்டது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகி, பம்ப் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச் பிளேட் பிடித்துவிட்டது. பிரேக் அசையவே இல்லை.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று. வண்டியின் நான்கு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில். எஞ்சின் துருப்பிடித்து இறுகிவிடாமல் இருக்க யாரோ சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மூடியிருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. வாட்ச்மேன் செல்வக்குமாரிடம் கேட்டேன். "மொதலாளிதான் வருசத்துக்கு ஒருக்கா ஊத்துவாரு. யாரையும் தொட விட மாட்டாரு" என்றார்.

உன் அப்பாவுக்கு ஒரு ஸ்குரூ கழற்றத் தெரியாது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. என்னிடம் கேட்டிருக்கலாம். இதே மதுரையில்தான் இருந்தேன். இதை என்னவென்று எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பழைய டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு ஸ்பானர் போட்டுக் கையால் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது. அது மட்டும் தெரியும்.

டெம்போவில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் ஃபியூவல் பம்ப் சொல்லியிருக்கிறேன். வேன்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு இதைச் சுற்றி நிற்கிறார்கள்.

இம்மானுவேல்


புனே
14 ஆகஸ்ட் 2025

அண்ணே,

'கேள்' என்று எழுதியிருக்கிறீர்கள்! அதற்காகவே கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிசிக்ஸ் பாடம் நடத்தும்போது சக்கரத்தின் உராய்வுக்கு உதாரணமாக நம் காரைச் சொன்னேன். பிள்ளைகள் படம் கேட்டார்கள். என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

அப்பா ஆயில் ஊற்றியதைப் படித்து அழுதேன். கோபமும் வந்தது. எஞ்சினுக்குச் செய்தவருக்கு மனிதருக்குச் செய்யத் தெரியவில்லையே.

இப்போது சந்தோஷமான விஷயம். அன்றைக்கு ஒரு அட்டையில் ஆசைப்பட்டதையெல்லாம் எழுதுவோமே, காசு வந்ததும் செய்ய. இப்போது செய்வோம். அகல டயர். அலாய் வீல். பின்னாலும் டிஸ்க் பிரேக். கெட்டியான ஸ்பிரிங். எஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி எழுதினால் இன்னும் பத்து குதிரைசக்தி வருமாமே, இங்கே ஒருவர் சொன்னார். வர்ஷினி ஏ.சி. வைக்க முடியுமா என்கிறாள். கூரையே இல்லாத வண்டிக்கு எதற்கடி ஏ.சி. என்றேன். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி மனசு ஓடுகிறது அண்ணே. யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டு ஒன்றை எழுதி வைத்தது அந்த அட்டையில் மட்டும்தான்.

கருப்பு அண்ணன் எப்படி இருக்கிறார்? நீங்கள் போய்ப் பார்ப்பதுண்டா?

இந்து


பழங்காநத்தம்
1.9.2025

இந்துப்ரியாவுக்கு,

எஞ்சின் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. முதலில் வெள்ளைப் புகையாகக் கக்கியது, தெருவே இருமியது. அப்புறம் நிதானத்துக்கு வந்தது. அதே குரல். சரண்யா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

கருப்பு எப்படி இருக்கிறான் என்று கேட்கிறாய். உனக்கு அவன் ரோட்டில் வந்த ஆள். எனக்கு அவன் யாரென்று உனக்குச் சொன்னதே இல்லை. திருவாதவூரில் பக்கத்து வீடு. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எங்கள் இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மாப்ள, மாப்ளதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், ஓட்டியது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போய் நின்று, நான்தான் மாப்ள என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. பணக்கார வீட்டுக் காரில் ஊர்வலம் வந்து சொந்த மாப்ளையின் காலை உடைத்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். என் அம்மா சாவுக்கும் அவன் அப்பா சாவுக்கும் மட்டும் ஊருக்குப் போனேன். இப்போது அவன் அங்கே தையல் கடை வைத்திருக்கிறான். வலது முழங்கால் மடங்காது. ஒற்றைக் காலால் மிஷின் மிதித்தான், இப்போது மோட்டார் போட்டிருக்கிறானாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சரண்யாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று முன் பிரேக் பேடு தேய்ந்திருந்தது. எனக்குத் தெரியும். மாற்ற வேண்டும் என்று வைத்திருந்த காசில் அந்தச் சைலன்சரை வாங்கினேன். சத்தம் கேட்க ஆசை. பிரேக் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உன்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். நீ மிதித்தாய். நல்லாவே மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. பழியை நான் ஏற்றுக்கொண்டது பெரிய மனசால் இல்லை. பாதி என்னுடையது.

அதனால் உன் லிஸ்டை நான் படிக்க மாட்டேன். இந்த வண்டிக்கு முதலில் பிரேக். நான்கு சக்கரத்துக்கும். மற்றது உன் பாடு. தீபாவளிக்குள் ஓட்டுகிற மாதிரி ஆக்கித் தருகிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள். இனி எழுத வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது.

இம்மானுவேல்


புனே
10 செப்டம்பர் 2025

அண்ணே,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

பேடு தேய்ந்ததை நீங்கள் சொன்னதால் என் பாரம் குறையவில்லை. வளைவில் மெதுவாகப் போ என்று மூன்று தடவை சொன்னீர்கள். நான் சிரித்தேன். அதை நீங்கள் எழுதவே இல்லை.

வண்டிக்கு ஆள் அனுப்ப மாட்டேன். நானே வாரேன். ஆர்.சி. புதுப்பிக்கிற வேலையையும் இன்சூரன்ஸையும் விஜய் பார்க்கிறான். பூஜை லீவு முடியும் வாரம் மதுரையில் இருப்பேன். திருவாதவூருக்கு அந்தக் காரிலேயே போய் கருப்பு அண்ணனிடம் சொல்லப் போகிறேன். வர்ஷினியிடம் சொல்லிவிட்டேன். "நீ போயிட்டு வாம்மா, அப்புறம் உன்கிட்ட பேசுறேன்" என்றாள். அது போதும்.

நீங்களும் கூட வருவீர்களா?

இந்து


மதுரை
5 அக்டோபர் 2025

அண்ணே,

நீங்கள் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் சரண்யாதேவி அண்ணிதான் சாவியைக் கொடுத்தார். "மேலூர்ப் பக்கம் வேன் ஒண்ணு நின்னுபோச்சுன்னு போயிருக்காரு" என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

வண்டி எப்படி ஓடியது என்று எழுதினால் இரண்டு பக்கம் ஆகும். ஒத்தக்கடை தாண்டி மூன்றாவது கியர் போட்டதும் எனக்கு வயது இருபது. வாய்க்கால் மேடு வந்ததும் நாற்பது. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் நாற்று நட்டிருந்தார்கள்.

கருப்பு அண்ணன் கடையில் ஒரு ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தங்கப்பொண்ணு உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். அன்னிக்கு வண்டி ஓட்டுனது நான், இம்மானுவேல் அண்ணன் இல்ல. கத்தரி நிற்கவில்லை. துணியில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டின் கடைசி வரை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அவன் ஓட்டலயா?"

"இல்லண்ணே."

"அவன் சொன்னானே. ஆஸ்பத்திரியில வந்து நின்னு, நான்தான் மாப்ளன்னு சொன்னானே."

"எனக்காகச் சொன்னாருண்ணே."

அதற்குப் பிறகு என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எங் கல்யாணத்துக்கு அவனக் கூப்புடல. எங்கப்பன் செத்தப்ப வந்து தெருமுக்குல நின்னான். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல. எம்புட்டு நேரம் வெயில்ல நின்னான் தெரியுமா?" என்றார். தங்கப்பொண்ணு அக்கா தண்ணீர் கொடுத்தார், அவர் வாங்கவில்லை. "நீ ஒரு நா வந்து சொல்லிட்டுப் போயிருவ தாயி. அம்புட்டு வருசத்தையும் எனக்கு யாரு தாரா? போ. வண்டிய எடுத்துக்கிட்டுப் போ."

காரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். நாளை காலை ஊருக்குக் கிளம்புகிறேன். சொன்னால் லேசாகும் என்று நினைத்தது என் சுயநலம். அவரிடமிருந்து உங்களைப் பறித்தது நான் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

கார் உங்களிடமே இருக்கட்டும்.

இந்து


பழங்காநத்தம்
3.11.2025

தங்கச்சி இந்துவுக்கு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். ஒரு செருப்பு நேராக வந்தது, இன்னொன்று இழுத்துக்கொண்டு வந்தது. எழுந்திருக்கவே இல்லை, அப்படியே படுத்துக் கிடந்தேன். "வெளிய வாடா" என்று குரல். வந்தேன். ஒரு அறை விட்டான். சரண்யா ஓடி வந்தாள். "நீ இரு தாயி, இது எங்களுக்குள்ள" என்றான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? போலீசுக்குச் சொல்லாத, ஊருக்குச் சொல்லாத. எங்கிட்டயுமாடா?"

பிரேக் விஷயத்தைச் சொன்னேன். அதற்கும் ஒரு அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஆளுக்கு ஒரு காரணத்த வச்சுக்கிட்டு என்னய தனியா விட்டுட்டீங்களேடா" என்றான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அழுததை எழுத மாட்டேன். வேன்காரர்கள் பார்த்துவிட்டார்கள், அது போதும்.

சாப்பிட்டோம். அப்புறம்தான் அவன் காரைப் பார்த்தான். சுற்றி வந்தான். உடைந்த மூலையை நான் புது ஃபைபர் போட்டுச் சரிசெய்திருந்தேன், அதைத் தடவிப் பார்த்தான். "இம்புட்டூண்டு வண்டியாடா?" என்றான். ஏறி உட்காரப் பார்த்தான், முடியவில்லை. வலது கால் மடங்காமல் டாஷ்போர்டில் போய் முட்டியது. முகம் சுருங்கி இறங்கினான். நான் இடது சீட்டைக் கழற்றினேன். பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் பார்த்து, தளத்துக்கு அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, புது ஓட்டை போட்டு, சீட் நகரும் தண்டவாளத்தை ஐந்து அங்குலம் தள்ளி மாட்டினேன். மூன்று மணி நேரம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து முழு நேரமும் திட்டிக்கொண்டே இருந்தான். எனக்குக் காது குளிர்ந்தது.

கால் நீட்டி உட்கார்ந்தான். மாட்டுத்தாவணி வழியாகவே ஊருக்கு விட்டேன். தெரு முழுக்க ஆட்கள் பார்க்க, அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கும்போது, "உள்ள வா மாப்ள" என்றான்.

உன் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். பின் டிஸ்க் மாட்டிவிட்டேன். நீ கேட்ட அகல டயர் ஜனவரியில் வரும். ஸ்பிரிங் கெட்டியாகப் போட முடியாது, அவன் முழங்கால் தாங்காது, மெத்தென்றுதான் இருக்கும். பத்து குதிரையெல்லாம் வேண்டாம். கைப்பிடி ஒன்று கதவோரம் வைக்கிறேன், அவன் பிடித்து எழுந்திருக்க.

நேற்று அவன் உன்னைப் பற்றிப் பேசினான். நானாக எடுக்கவில்லை. "அந்தப் புள்ளைய வரச் சொல்லு. ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்சிருச்சான்னு பக்கத்துல உக்காந்து நான் பாக்கணும்" என்றான். மன்னித்துவிட்டானா என்று கேட்காதே. எனக்கும் தெரியாது. நீ வரும் அன்றைக்குப் போடத் தனக்கு ஒரு சட்டை மட்டும் புதுசாகத் தைத்து வைத்திருக்கிறான்.

பொங்கலுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா. வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நீ ஓட்டு, அவன் பக்கத்தில் உட்காரட்டும். நான் வர்ஷினியை ஏற்றிக்கொண்டு பின்னால் பைக்கில் வாரேன்.

உன் அண்ணன்
இம்மானுவேல்